வடசென்னையில் ஐந்து நாள்: நாசில் கடையிலிருந்து எண்ணூர் வரை

முதல் நாள், புதன்

வியாசர்பாடி ஜீவா தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. சென்ட்ரலுக்குள் போகும் வண்டிகள் பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் இப்படிக் கொஞ்ச நேரம் நிற்பது சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதுதான். புனேயில் ஏறியதிலிருந்து ஏசி பெட்டிக்குள்ளேயே கிடந்தவள், எழுந்து கதவோரம் வந்து நின்றேன். கால்வாய் வாடை, அதற்கு மேல் லேசாக டீசல். ஊர் வந்துவிட்டது.

டீசல் எஞ்சினுக்குள் எரிபொருள் எப்படி எரிகிறது, எரிந்த பிறகு குழாய் வழியே என்னென்ன வெளியே வருகிறது என்று அளப்பதுதான் இருபது வருஷத்துக்கும் மேலாக என் வேலை. இதற்கு முன் சென்னைக்கு வந்ததெல்லாம் கல்யாணம், காரியம் என்று இரண்டு நாள் வந்து போனதுதான். இந்த முறை ஐந்து நாள் முழுசாக வடசென்னையில். தினமும் ராத்திரி அன்றைக்குப் பார்த்ததை எழுதிப் போடுகிறேன்.

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்தேன். வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த பாதை 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. தண்டையார்பேட்டை வரை பூமிக்குள்ளே போகிற ரயில், புது வண்ணாரப்பேட்டைக்கு வரும்போது வெளிச்சத்துக்கு ஏறுகிறது. வலது பக்கம் வீடுகளுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. கீழே டி.எச். ரோடு. பள்ளிக்கூடத்துக்கு அந்த ரோட்டில்தான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். அந்த நாளில் மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டால் மதியத்துக்குள் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரி விழுந்திருக்கும். அதைத் தட்டக் கூடாது, தட்டினால் கோடாக இழுத்துவிடும். வாயால் ஊதித்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்வார். என் ஆராய்ச்சி அந்தக் கொடிக் கயிற்றில் தொடங்கியது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

காலடிப்பேட்டையில் இறங்கினேன். நைனா ஆட்டோவோடு ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். படியேற வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். அவருக்கு மூச்சு வாங்குகிறது.

ராத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் நைனாவின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு புள்ளிகள்தான்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் கடைக்குப் போனோம். தண்டையார்பேட்டையில் நைனா 1974இல் போட்ட கடை, டீசல் பம்ப் நாசில் வேலை மட்டும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைதான் நாசில். இப்போது நைனா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் தொழில் பழகிய தம்பிதான் கடையைப் பார்த்துக்கொள்கிறான். முன்பு நாளைக்கு நாற்பது நாசில் வரும் கடைக்கு இப்போது நாலைந்துதான் வருகிறது. புது வண்டிகள் எல்லாம் காமன் ரெயில், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் பெரிய அழுத்தத்தில் டீசல் போகும் அமைப்பு. அதைச் சோதிக்கும் மெஷின் விலை சின்னக் கடைக்குக் கட்டாது.

நாசில் டெஸ்டர் அதே இடத்தில் இருந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மேலே ஒரு டம்ளர் அளவு டீசல் தொட்டி, பக்கத்தில் கைப்பிடி, நடுவில் அழுத்தம் காட்டும் முள். நாசிலைத் தலைகீழாகப் பூட்டி, கைப்பிடியை மெல்ல அழுத்த வேண்டும். முள் ஏறி 200 பார் பக்கம் வந்ததும் உள்ளே ஊசி துள்ளும். நல்ல நாசில் கர்ர்ர் என்று சத்தம் போட்டு, ஒவ்வொரு துளையிலிருந்தும் பனி மாதிரி பீய்ச்சும். முனை காய்ந்திருக்கும். கெட்ட நாசில் சத்தம் போடாது. பீய்ச்சி முடித்ததும் முனையில் ஒரு சொட்டு கனத்து நிற்கும். "மூக்கு ஒழுகுது பாரு" என்பார் நைனா. அந்த ஒரு சொட்டுதான் ரோட்டில் கரும்புகை. நேரம் கெட்ட நேரத்தில், காற்றோடு கலக்காமல், பெரிய துளியாக எஞ்சினுக்குள் விழுந்து பாதி வெந்து வெளியே வரும்.

இன்றைக்கு வந்த நாசிலை நானே பூட்டினேன். "வெரலு, வெரலு" என்று நைனா அந்தக் காலத்து அதட்டலோடு சொன்னார். அந்தப் பனிக்குக் கீழே கையைக் காட்டினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். எனக்குப் பன்னிரண்டு வயதில், கடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு அப்படி நடந்தது. வெளியே சின்ன ஊசிக்குத்துதான் தெரிந்தது. ராத்திரிக்குள் கை முழங்கை வரை வீங்கி, அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

இந்தச் சொட்டைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். படித்த இடத்தில் கண்ணாடி வைத்த எஞ்சின் ஒன்று இருந்தது: பிஸ்டன் தலையில் குவார்ட்ஸ் சன்னல், அடியில் சாய்வாக ஒரு ஆடி, எதிரே அதிவேகக் கேமரா. 1500 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிஷத்துக்கு 1500 சுற்றில், ஓடும் எஞ்சின் ஒரு விநாடியில் 9000 டிகிரி சுற்றுகிறது. எரிவதெல்லாம் 30 டிகிரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கணக்குப் போட்டால் 3.3 மில்லி விநாடி. அதற்குள் டீசல் பீய்ச்சி, ஆவியாகி, பற்றி, மஞ்சளாகக் கொதித்து, அணைந்துவிடுகிறது. அந்த மஞ்சள்தான் கரி. சிம்னி விளக்கின் திரியைத் தூக்கினால் வரும் அதே மஞ்சள். சூடான கரித்துகள் ஒளிர்வது.

துளிகளைச் சுற்றி எரிகிற இடத்தில், பீய்ச்சலின் ஓரத்தில்தான் கரி பிறக்கிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகத்தின் ஜான் டெக் லேசர் வெளிச்சத்தைத் தகடுபோல் உள்ளே விட்டுப் படம் பிடித்து, 1997இல் வேறு சித்திரத்தைக் காட்டினார். பீய்ச்சல் கொஞ்ச தூரம் போவதற்குள் துளிகள் ஆவியாகிவிடுகின்றன. அந்த ஆவி பற்றாக்குறைக் காற்றில் முதலில் அரைகுறையாக எரிகிறது. பீய்ச்சலின் தலை முழுக்க உள்ளுக்குள் கரி நிறைகிறது. வெளியே மெல்லிய தோல் மாதிரி ஒரு சுடர் அதைச் சுற்றி நின்று எரித்துத் தீர்க்கிறது. தீராமல் தப்பியதுதான் புகை. அதை முதல்முறை படித்த ராத்திரி நைனாவுக்கு எஸ்.டி.டி. போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். "அப்போ காத்து உள்ள போகணும், அவ்ளோதானே. அதுக்குத்தான் தொளைய சின்னதா போடுறாங்க" என்றார். அவ்வளவேதான். சின்னத் துளை, பெரிய அழுத்தம். நைனாவின் 200 பார் இன்றைக்கு காமன் ரெயிலில் 1600, 2000 என்று நிற்கிறது.

டிரைவர்கள் கடைக்கு வந்து கேட்டது வேறு. "புல்லிங் இல்ல மேஸ்திரி." நைனா பம்ப் டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, கொஞ்சம் முன்னால் தள்ளுவார். வண்டி இழுக்கும், புகையும் குறையும், டிரைவருக்குச் சந்தோஷம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இதே காரியத்தை ஒரு சோதனை எஞ்சினில் செய்தேன். புகைமானியின் வடிதாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. அந்தத் தாளை டைரிக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். மறுநாள் நாக்ஸ், அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுடர் சூடேற ஏற, சும்மா கிடக்கும் காற்றின் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர ஆரம்பிக்கும். 1940களிலேயே ரஷ்யாவின் செல்டோவிச் எழுதி வைத்த வழி அது. கரியைக் குறைத்தால் நாக்ஸ் ஏறும், நாக்ஸைக் குறைத்தால் கரி ஏறும். டீசல் ஆராய்ச்சியில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் வாழ்நாளைச் செலவழித்தது இந்த ஒரு இழுபறியில்தான். கரி சட்டையில் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். நாக்ஸ் கொடியில் தெரியாது. வெயிலில் மற்ற ஆவிகளோடு கலந்து ஓசோனாகும், நெஞ்சுக்குள் போய் உட்காரும்.

டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் வகையில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் நைனாவுக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்றைக்குக் கடையில் அவர் இன்ஹேலரை எடுத்து இழுத்துவிட்டு, மூடியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாசிலைக் கையில் வாங்கினார்.

மூன்றாம் நாள், வெள்ளி

நான் வந்ததே இந்த நாளுக்காகத்தான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வண்டிகள் நிற்கும் வரிசையை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வலது பக்கம் வீடுகள், இடது பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, நடுவே துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லருக்குப் பின்னால் டிரெய்லர். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிப் பக்கம் வரிசையின் வாலைப் பிடித்தோம். தம்பி முந்தின நாளே ஒரு டிரைவர் அண்ணனிடம் பேசி வைத்திருந்தான். பி.எஸ். 6 வண்டி (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படி செய்தது), நன்றாகப் பராமரித்தது. டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்னத் தொட்டி, மூடியைச் சுற்றி உப்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொருக்கு. விரலால் தொட்டால் கரகரவென்று உதிர்ந்தது. யூரியா.

இந்த யூரியாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 வந்தபோது, கனரக வண்டிகளுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் என்றிருந்த நாக்ஸ் வரம்பு 0.46 ஆனது. இதை எஞ்சினுக்குள் மட்டும் சாதிக்க முடியாது. அதனால் வெளியே வரும் புகையில் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறோம், 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா ஆகும். எஸ்.சி.ஆர். என்ற வினையூக்கி அறையில் அந்த அம்மோனியாவும் நாக்ஸும் சேர்ந்து வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாகப் போய்விடும். நான் இதில் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அழகான வேதியியல். நன்றாக வேலை செய்யும்போது புகையில் நாக்ஸைத் தேட வேண்டியிருக்கும்.

சூடு இருந்தால்தான். புகை சுமார் 200 டிகிரிக்குக் கீழே போனால் யூரியா முழுக்க உடையாது. குழாய்க்குள் கட்டியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் வண்டியின் கணினியே தெளிப்பதை நிறுத்திவிடும். அது பழுது கிடையாது, அப்படித்தான் அமைத்திருக்கிறோம்.

வண்டிக் கணினியின் எண்களைக் காட்டும் ஸ்கேனரைத் தம்பி மாட்டினான். நாங்கள் கேபினில் ஏறியபோது எஸ்.சி.ஆர். வாசலில் 236 டிகிரி. எர்ணாவூர் தாண்டி ஓடி வந்த சூடு அது. வண்டி பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி. கால் மணி நேரத்தில் 200க்குக் கீழே. தெளிப்பு நின்றது. நாற்பது நிமிஷத்தில் 148. அதற்குப் பிறகு அது ஏறவே இல்லை. அறைக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன. உள்ளே போனது அப்படியே வெளியே வந்தது. பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பாட்டி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணிடலாமே அண்ணே?" என்றேன்.

"பண்ணலாம் மேடம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நகருது. ஒவ்வொரு வாட்டியும் செல்ஃப் அடிச்சா பேட்டரி தாங்குமா? நான் நகரலன்னா பின்னாடி இருக்கிறவன் பூந்துடுவான். ஓடுனாத்தான் எனக்குக் காசு, நிக்கிறதுக்கு யார் தர்றா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் நியாயம்.

2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அளவுக் கருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு நிஜ ரோட்டில் ஓட்டியபோது, ஆய்வகத்தில் தேறிய வோக்ஸ்வாகன் ஜெட்டா ஒன்று வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு வரை நாக்ஸ் விட்டதைக் கண்டார்கள். அந்தக் குழுவில் ஹேமந்த் கப்பன்னா, அரவிந்த் திருவேங்கடம் என்று இரண்டு இந்தியப் பெயர்கள். அந்த அறிக்கையை எங்கள் ஆய்வகத்தில் அச்செடுத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். அங்கே ஏமாற்றும் மென்பொருள் இருந்தது. நான் இன்று உட்கார்ந்திருந்த வண்டியில் எந்த ஏமாற்றும் கிடையாது. விதிப்படி செய்தது, விதிப்படி தேறியது. விதி எழுதியவர்கள் மனதில் ஓடுகிற லாரி இருந்தது. ஜீரோ கேட்டுக்கு நிற்கிற லாரி இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஐரோப்பாவின் யூரோ 6 விதிகளை ஒட்டித்தான் நம் பி.எஸ். 6 வந்தது. அந்த யூரோ 6 தொடங்கியபோது, ரோட்டில் அளக்கும் சோதனையில் எஞ்சினின் சராசரி சக்தி அதன் உச்ச சக்தியில் 20 சதவீதத்துக்குக் கீழே போன பகுதிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பின்னால் அதை 10 ஆக இறக்கினார்கள். கலிபோர்னியா 2020இல் இன்னொரு படி போய், மெதுவாகவும் நின்று நின்றும் ஓடும் கனரக வண்டிக்கென்றே தனிச் சோதனை ஓட்டம் ஒன்றை வகுத்தது; 2024 மாடல் எஞ்சின்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. அங்கேயும் துறைமுக வண்டிகள்தான் காரணங்களில் ஒன்று. சூட்டைக் காப்பாற்ற வழிகளும் இருக்கின்றன: எஞ்சினை ஒட்டியே ஒரு சின்ன எஸ்.சி.ஆர்., இரண்டு இடத்தில் தெளிப்பு, ஓய்வில் சில சிலிண்டர்களை மூடிவைப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால், வரிசையே நிற்காமல் நேரம் ஒதுக்கி வண்டியை அழைப்பது. இது நமக்கும் வர வேண்டும். வருமென்றால் அந்தச் சோதனை ஓட்டத்தை இந்த ரோட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த எண்களைப் பதிவுசெய்யும் லாகர் ஒன்றை அண்ணனின் சம்மதத்தோடு வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் தருவதாகச் சொன்னார்.

நான்காம் நாள், சனி

மணலி. சிறு வயதில் பஸ் அந்தப் பக்கம் திரும்பினாலே மூக்கைப் பொத்துவோம். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி, இன்றைக்கு சி.பி.சி.எல். என்று நிற்கும் சுத்திகரிப்பு ஆலையை வெளியே இருந்துதான் பார்த்தேன். கோபுரங்களைவிட எனக்கு முக்கியம் கந்தகம். பி.எஸ். 3 டீசலில் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) கந்தகம் இருந்தது, பி.எஸ். 4இல் 50, இப்போது 10. கந்தகம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். எரிபொருள் சுத்தமாகாமல் மேலே சொன்ன எந்த அறையும் நிலைக்காது. 2016 ஜனவரியில் பி.எஸ். 5ஐத் தாண்டி நேரே 6க்குப் போகிறோம் என்று அறிவித்தபோது எங்களுக்கு நாலே வருஷம்தான் இருந்தது. அந்த நாலு வருஷத்தில் எத்தனை பொங்கலுக்கு ஊருக்கு வராமல் இருந்தேன் என்று பெரியம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

பெரியம்மா வீடு எண்ணூரில், பெரியகுப்பத்துக்குப் பக்கம். மதியம் நண்டுக் குழம்பு. சாப்பிடும்போது நேற்றைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மோனியா என்ற வார்த்தை வந்ததும் கையை நிறுத்திவிட்டார்.

"அதையா வண்டில விடுறீங்க?"

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்து, இந்தத் தெருவே மூச்சுமுட்டி எழுந்து ஓடியது. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவும் ஓடியிருக்கிறார். எஸ்.சி.ஆர்.க்குப் பின்னால் மிஞ்சிய அம்மோனியாவைப் பிடிக்க இன்னொரு வினையூக்கி இருக்கிறது, சோதனையில் சராசரி 10 பி.பி.எம்.முக்கு மேல் விடக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நீ இருக்கிற வண்டில சரியா இருக்கும்" என்றார். அந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

விடியற்காலை நாலரைக்கு நைனா என்னை எழுப்பினார். காசிமேட்டுக்குப் போகலாம் என்று அவரே கேட்டது ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் காசிமேட்டை எழுதிக் காட்ட முடியாது. ஏலக் குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், வஞ்சிரத்தின் வெள்ளி. நைனா மீன் பக்கம் திரும்பவில்லை. படகுகள் கட்டும் இடத்துக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று எஞ்சின் சத்தங்களைக் கேட்டார். விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவது லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியதுதான். சாலை வண்டிக்கான பாரத் ஸ்டேஜ் விதி படகுக்குக் கிடையாது. தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த குழாயிலிருந்து, நான் சின்ன வயதில் பார்த்த அதே கரும்புகை விட்டு விட்டுத் துப்பியது.

"மூணாவது நாசில்" என்றார் நைனா.

"எப்படி நைனா?"

"தட்டுது பாரு, மூணு ஒண்ணா, ஒண்ணு தள்ளி."

எனக்குக் கேட்கவில்லை. படகுக்காரரிடம் சொன்னார். அவர் நைனாவை அடையாளம் தெரிந்துகொண்டு, "மேஸ்திரி, மதியம் கழட்டி அனுப்புறேன்" என்றார். திரும்பி நடக்கும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன், விடச் சொல்லவில்லை.

மதியம் கடைக்கு அந்த நாசில் தினத்தாளில் சுருட்டி வந்தது. மூன்றாவதுதானா என்று தெரியாது, ஆனால் மூக்கு ஒழுகியது. ஊசியையும் இருக்கையையும் துடைத்து, பேஸ்ட் வைத்துத் தேய்த்து, மறுபடி பூட்டி, கர்ர்ர் சத்தம் வரும்வரை நைனா விடவில்லை.

சாயங்காலம் டிரைவர் அண்ணன் லாகரைக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பியின் லேப்டாப்பில் போட்டோம். வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றது மொத்தம் 5 மணி 10 நிமிஷம். அதில் 200 டிகிரிக்கு மேல் இருந்தது தொடக்கத்தில் 15 நிமிஷம்தான்; பிறகு கேட்டைத் தாண்டி ஓடியபோது 6 நிமிஷம். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் அடியோடு படுத்துக்கிடந்த கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இங்க எது நிக்குது? எந்த எடம்?"

நான் ஜி.பி.எஸ். புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம், பாட்டி சோறு ஊட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு எதிரே. ஒரு மணி 20 நிமிஷம்.